விருந்தா, வம்பா?



"வருகை" என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். வருகைப் பதிவு 75 சதவீதம் இல்லையென்றால் தேர்வுக் கூடத்துக்குள் விடமாட்டார்கள். எனக்கு இந்தப் பருவத்தில் 74 சொச்சம் (ஏன் என்று கேட்காதீர்கள்). அதனால் அந்தச் சொல்லைப் பற்றி மற்றவர்களைவிட நான் கொஞ்சம் அதிகமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் பள்ளிக்கூடக் காலத்து வரலாற்றுக் குறிப்புகளைப் புரட்டியபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. "கஜினி முகமதுவின் படையெடுப்பு." சரி. கொஞ்சம் தள்ளி, "ஐரோப்பியர்களின் வருகை." என்னது, வருகையா? குதிரையில் வந்தால் படையெடுப்பு, கப்பலில் வந்தால் வருகையா? 1498-ல் கோழிக்கோட்டுக்கு வந்த வாஸ்கோடகாமா, 1502-ல் மறுபடி வந்தபோது ஹஜ் பயணம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தவர்களின் கப்பலை ஆட்களோடு கொளுத்தினார், கோழிக்கோட்டைப் பீரங்கியால் சுட்டார். அதற்கும் வருகை என்றுதான் தலைப்பு. மந்திரி கட்டடம் திறக்க வருவதும் வருகை, நான் வகுப்புக்குப் போவதும் வருகை, பீரங்கியோடு வருவதும் வருகை.

கஜினி முகமது படையெடுக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. கூட்டமாக வருகிறவர்களுக்கு நாம் என்னென்ன பெயர் வைக்கிறோம், யாருக்கு எந்தப் பெயர் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அன்றாடப் பேச்சு. காலையில் செய்தித்தாளைத் திறந்தால் "கோயம்பேட்டில் தக்காளி வரத்து குறைந்தது, விலை ஏற்றம்". அடுத்த பக்கத்தில் "மேட்டூர் அணைக்கு நீர்வரத்து அதிகரிப்பு", பக்கத்திலேயே எத்தனை கன அடி என்ற கணக்கு. கிராமத்தில் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலுக்கு வரத்துக் கால்வாய் என்று பெயர். ஆக, வரத்து என்றால் அளக்கக் கூடியது. மூட்டையில் அளக்கலாம், கன அடியில் அளக்கலாம். தக்காளியின் ஊர், பெயர் யாருக்கும் தேவையில்லை. எவ்வளவு வந்தது என்பதுதான் செய்தி.

ஆட்கள் கூட்டமாக வந்தால்? கோயில் திருவிழா என்றால் "பக்தர்கள் குவிந்தனர்". தீபாவளிக்கு முந்தின ஞாயிறு தி.நகரில் "கூட்டம் அலைமோதியது". கோடை விடுமுறையில் ஊட்டிக்குச் "சுற்றுலாப் பயணிகள் படையெடுப்பு". தலைவர் கூட்டம் என்றால் "மக்கள் வெள்ளம்". பாட்டி சொல்வதென்றால் "ஈசல் மாதிரி மொய்க்குது". கவனித்தால், இதில் பாதிச் சொற்கள் தண்ணீரிலிருந்து வந்தவை, ஒன்று போர்க்களத்திலிருந்து வந்தது, ஒன்று பூச்சியிலிருந்து வந்தது. மனிதர்களுக்கென்றே ஒரு சொல் இல்லை!

ஆனால் "வா" என்ற ஒரே வேரிலிருந்து தமிழ் எத்தனை கிளை விட்டிருக்கிறது பாருங்கள். வரவு என்றால் மகிழ்ச்சி. கணக்குப் புத்தகத்தில் வரவு, கல்யாண வாசலில் நல்வரவு, ஜவுளிக் கடையில் புது வரவு. வருகை என்றால் மரியாதை. வரத்து என்றால் எண்ணிக்கை. வரத்தான் என்றால் இளக்காரம் ("வந்தான் வரத்தானுக்கெல்லாம் இங்க என்ன பேச்சு" என்று ஊர்ச் சண்டையில் கேட்டிருப்பீர்கள்). வந்தேறி என்றால் வசை. வினை ஒன்றுதான், வருவது. யார் வருகிறார் என்பதைப் பார்த்து விகுதியை மாற்றிக்கொள்கிறோம். அதே மூச்சில் "வந்தாரை வாழவைக்கும் தமிழகம்" என்றும் பெருமைப்பட்டுக்கொள்கிறோம்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். ரோமப் பேரரசின் கடைசிக் காலத்தில் கோத்துகள், வாண்டல்கள் என்று பல இனத்தார் எல்லை தாண்டி உள்ளே வந்தார்கள். பிரெஞ்சுப் புத்தகங்களில் இதற்கு நெடுங்காலமாக வழங்கிய பெயர் "காட்டுமிராண்டிகளின் படையெடுப்புகள்". ஜெர்மன் மொழியில் அதே நிகழ்ச்சிக்குப் பெயர் "ஃபோல்கர்வாண்டருங்", அதாவது மக்களினங்களின் இடப்பெயர்வு. ஒன்றில் கையில் கோடாரி, மற்றொன்றில் தோளில் மூட்டை. பிரெஞ்சுக்காரர்கள் தங்களை ரோமர்களின் வாரிசாகப் பார்த்தார்கள், ஜெர்மானியர்கள் வந்தவர்களின் வாரிசாகப் பார்த்தார்கள், அவ்வளவுதான் விஷயம். உண்மையில் என்ன நடந்தது? கி.பி. 376-ல் ஹூணர்களுக்குப் பயந்து ஓடிவந்த கோத்துகள் டான்யூப் ஆற்றின் அக்கரையில் நின்று, உள்ளே வர அனுமதி கேட்டார்கள். பேரரசர் வாலன்ஸ் அனுமதித்தார். ஆற்றைக் கடந்து வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டிய ரோம அதிகாரிகள் பஞ்சத்தை வைத்துக் காசு பார்த்தார்கள். ஒரு நாயின் இறைச்சிக்கு ஒரு ஆளை அடிமையாக எழுதி வாங்கினார்கள் என்று அக்காலத்து ரோம வரலாற்றாசிரியர் அம்மியானஸ் எழுதி வைத்திருக்கிறார். இரண்டு வருடம் கழித்து, 378-ல், ஏட்ரியானோப்பிள் போரில் அதே கோத்துகள் அதே வாலன்ஸைக் கொன்றார்கள். வந்த அன்று அகதி, இரண்டு வருடத்தில் படையெடுப்பாளன். நடுவில் நடந்த நாய்க்கறி வியாபாரம் தலைப்பில் வருவதில்லை.

நம் பக்கத்திலும் இப்படி ஒன்று உண்டு. 1940-களில் மார்ட்டிமர் வீலர், சிந்துவெளி நகரங்கள் ஆரியர் படையெடுப்பால் அழிந்தன என்றார். மொகஞ்சதாரோவில் கிடைத்த எலும்புக்கூடுகள் ஒரே நாளில் நடந்த படுகொலையின் சாட்சி அல்ல என்று 1964-ல் ஜார்ஜ் டேல்ஸ் எடுத்துக்காட்டினார். அப்புறம் படையெடுப்பு மெல்ல வருகை ஆனது, குடிபெயர்வு ஆனது. இன்றும் இந்த மூன்றில் எந்தச் சொல்லைப் போட்டாலும் யாராவது ஒருவர் சண்டைக்கு வருவார். (வகுப்பில் போட்டுப் பார்த்தேன். வந்தார்கள்.)

இன்னும் பின்னால் போனால் சுவாரசியமான ஒன்று அகப்படுகிறது. பழந்தமிழில் புதிது என்று பொருள் தரும் சொற்களில் இரண்டு, விருந்து, வம்பு. விருந்து என்றால் புதுமை. வீட்டுக்கு வந்த முன்பின் தெரியாத புதியவர்தான் விருந்து. சொந்தக்காரர் இல்லை. பின்னால் அது அவருக்குப் போடும் சாப்பாட்டுக்குப் பெயராகி, இன்று புதியவர் போய்விட்டார், சாப்பாடு மட்டும் மிஞ்சியிருக்கிறது. வம்பு என்பதற்கும் சங்க இலக்கியத்தில் புதுமை என்ற பொருள் உண்டு. நிலையில்லாதது என்றும் பொருள், தொல்காப்பியமே அப்படிச் சொல்கிறது. காலம் தப்பிப் பெய்யும் மழை வம்ப மாரி. வழியில் வரும் ஊர் பேர் தெரியாதவர்கள் வம்பலர். அகநானூற்றில் மௌரியர்களுக்கே "வம்ப மோரியர்" என்றுதான் பெயர். புதிதாகக் கிளம்பி வந்த மோரியர். பாடலிபுத்திரத்துச் சக்கரவர்த்திகள் தெற்கிலிருந்து பார்த்தால் வரத்தான்கள்! இன்று வம்பு என்றால் தொல்லை, வீண் சண்டை, ஊர்ப் பேச்சு. ஆக, புதிது என்ற பொருளோடு இருந்த இரண்டு சொற்களில் ஒன்று இலைபோட்டுப் பரிமாறுவதாக ஆனது, இன்னொன்று தெருச்சண்டையாக ஆனது.

மூன்றாவதாக ஒரு சொல்லும் இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்தைப் பற்றிப் பேசும் பட்டினப்பாலை, பல மொழி பேசும் நாடுகளிலிருந்து வந்தவர்கள் அங்கே கலந்து வாழ்ந்ததைச் சொல்லும்போது "புலம்பெயர்" என்ற சொல்லை எடுக்கிறது. இன்று நாம் ஈழத்தமிழர்களைப் பற்றிப் பேசும்போது எடுக்கும் அதே சொல். எனக்கு இந்தச் சொல் பிடித்ததற்குக் காரணம், மற்றச் சொற்களெல்லாம் கரையில் நின்றுகொண்டு வருகிறவனைப் பார்ப்பவன் சொல்வது. இது ஒன்றுதான் கிளம்பியவன் எதை விட்டு வந்தான் என்பதைச் சொல்கிறது.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். எங்கள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நான் கூடலூர்ப் பக்கத்துப் பையன். ஊரில் எங்கள் வீட்டுக்கு அடையாளம் கேட்டால் "சிலோன்காரங்க வீடா?" என்பார்கள். சிலோன் என்ற பெயரை அந்த நாடே 1972-ல் மாற்றிக்கொண்டது. எங்கள் ஊரில் இன்னும் மாறவில்லை.

1830-கள் வாக்கில் இலங்கை மலைகளில் ஆங்கிலேயர் காபி போட ஆரம்பித்தார்கள். வேலைக்கு ஆள் வேண்டும். ராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டை, திருச்சி, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் நொந்த சனங்களைக் கங்காணிகள் கூட்டிப்போனார்கள். தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடை. காலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். காபி பறிக்கும் பருவத்துக்குப் போவார்கள், முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்புவார்கள். துறைமுகக் கணக்கில் வந்தவர் இத்தனை, போனவர் இத்தனை என்று இரண்டு பத்தி இருக்கும். நம் "போக்குவரத்து" என்ற சொல்லிலும் போக்கு முதலில், வரத்து பின்னால் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எவன் ஒரு இடத்துக்கு வந்தானோ அவன் இன்னொரு இடத்திலிருந்து போனவன்.

1869-ல் காபிச் செடியில் இலைத்துரு நோய் கண்டது. சில வருடங்களில் காபி அழிந்து தேயிலை வந்தது. இந்த மாற்றம்தான் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது. காபிக்குப் பருவம் உண்டு. தேயிலைக்கு இல்லை, வருடம் முழுக்கக் கொழுந்து வரும், வருடம் முழுக்கக் கை வேண்டும். ஆகவே குடும்பத்தோடு வந்தார்கள், லயத்தில் தங்கினார்கள், அங்கேயே பிறந்தார்கள், அங்கேயே புதைந்தார்கள். 1914-ல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பலும் வந்த பிறகு பயணம் சுலபமானது. மண்டபத்தில் முகாம் போட்டு, தொற்றுநோய் இருக்கிறதா என்று நாள் கணக்கில் வைத்துப் பார்த்துத்தான் ஏற்றினார்கள். மூட்டைக்குச் சீட்டு ஒட்டுகிற மாதிரி, எந்தத் தோட்டத்து ஆள் என்று குறி போட்ட தகர வில்லையை ஆளுக்கு ஒன்று மாட்டி அனுப்பிய காலமும் உண்டு.

அந்தத் தோட்டங்களின் மொழியில் எனக்கு மிகப் பிடித்த ஒரு சொல்லை இங்கே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். காலையில் ஆட்களை எண்ணி வேலை பிரிக்கும் இடத்துக்குப் பெயர் பிரட்டுக்களம். தப்பு அடிக்கும் சத்தம் கேட்டதும் இருட்டிலேயே அங்கே போய் நிற்க வேண்டும். ஒரு நாள் வேலை செய்தால் செக்ரோலில் ஒரு "பேர்" விழும். சொன்ன எடைக்குக் கொழுந்து குறைந்தால் "அரைப் பேர்". அதாவது பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். எங்கள் கல்லூரி வருகைப் பதிவு பரவாயில்லை என்று இதைக் கேட்ட அன்று நினைத்துக்கொண்டேன்.

இலங்கை சுதந்திரம் அடைந்த 1948-லேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. அப்பாவோ தாத்தா பாட்டன்மாரோ தீவில் பிறந்ததற்குச் சான்று காட்டு என்றது. லயத்தில் பிறந்தவனுக்கு ஏது சான்று? ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். மூன்று தலைமுறை தேயிலை பறித்தவர்களுக்கு அப்போது கிடைத்த பெயர் "கள்ளத்தோணி". தோணியில் திருட்டுத்தனமாக வந்தவன். இது தமிழ்ச் சொல். சிங்களத்திலும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நம் மொழி அண்டை மொழிக்குக் கொடுத்த சொற்களில் இப்படியும் ஒன்று.

1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேர். இதில் 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். 1974-ல் பேசினார்கள், ஆளுக்குப் பாதி என்று 75,000 வீதம் பிரித்துக்கொண்டார்கள். கோயம்பேட்டுக் கமிஷன் மண்டியில் லோடு பிரிப்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அந்த 9,75,000 பேரில் ஒருவரையும் கேட்கவில்லை. விண்ணப்பம் போடச் சொன்னபோது, இலங்கைக் குடியுரிமை கேட்டவர்கள் ஒதுக்கிய 3,00,000-ஐவிட அதிகம். அவர்களுக்கு அதுதான் ஊர்.

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் முடிவதற்குள் 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைத் துடைத்துப் போட்டது. அதனால் திரும்பி வந்தவர்கள் இறங்கியது ராமேஸ்வரத்தில், இராமானுஜம் என்ற கப்பலில். அங்கிருந்து மண்டபம் முகாம். போகும்போது நோய் இருக்கிறதா என்று பாட்டன்மாரை நிறுத்தி வைத்த அதே மண்டபம், வரும்போது பேரன்மாரை நிறுத்தி வைத்தது. அங்கே ஒரு குடும்ப அட்டை கொடுத்து, எங்கே போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

என் தாத்தா 1973-ல் 21 வயதில் வந்தார். பிறந்தது மஸ்கெலியாப் பக்கம். அரசாங்கம் அவருக்கு வைத்த பெயர் "தாயகம் திரும்பியோர்". தாத்தா இதைச் சொல்லும்போது சிரிப்பார். "திரும்புறதுன்னா ஒரு தடவ போயிருக்கணும்ல? நான் கப்பல்லயே அன்னைக்குத்தான் முத தடவ ஏறுனேன்." அழகான சொல்தான், குறை சொல்ல முடியாது. வங்கிக்கே அந்தப் பெயர் உண்டு: 1969-ல் தொடங்கிய ரெப்கோ வங்கியின் பெயரில் இருக்கும் முதல் மூன்றெழுத்து, தாயகம் திரும்பியோர் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் தலைதான். நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் போட்டதும் இவர்களுக்கு வேலை கொடுக்கத்தான், இன்றைய டான்டீ. கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் என்று காடு திருத்தித் தேயிலை நட்டார்கள். அரசு ஏட்டில் தாயகம் திரும்பியோர், பஸ் ஸ்டாண்டில் சிலோன்காரன், சண்டை வந்தால் "சிலோன் அகதி". 2022-ல் டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பித் தர அரசு முடிவெடுத்தபோது, அங்கே லயத்தில் இருந்த கிழவர்கள் கேட்ட கேள்வி, "இனி எங்க திரும்புறது?"

பர்மா கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான், சுருக்கமாகச் சொல்கிறேன். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர். 1941 டிசம்பரில் ஜப்பான் குண்டு போட்டதும் லட்சக்கணக்கானோர் மலையும் காடும் தாண்டி நடந்தே வந்தார்கள். ஆயிரமாயிரமாகச் செத்தார்கள். அப்புறம் 1964-ல் நே வின் அரசு கடைகளை நாட்டுடைமை ஆக்கியபோது மறுபடி கப்பல் கப்பலாக வந்தார்கள். சென்னையில் பர்மா பஜார் முளைத்தது அப்படித்தான். "பர்மாக்காரங்க" என்பது இன்று அத்தோ கடையாகிவிட்டது. சாப்பாடு வந்தால் மனசு இளகும் என்பது உண்மைதான் போல. மறுபடியும் விருந்து!

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களுக்கு வேறு பெயர், அகதி. கதி இல்லாதவர். சிலர் ஏதிலி என்று தமிழாக்கினார்கள், பொருள் மாறவில்லை. முதலில் வந்தவர்களை ஊரே கூடி வரவேற்றது, வீட்டில் வைத்துச் சோறு போட்டவர்கள் உண்டு. 1991-ல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு அதே சொல் சந்தேகத்தின் பெயரானது. விருந்து வம்பானதற்கு இதைவிட நேரடியான உதாரணம் என்னிடம் இல்லை. அவர்களிலும் கணிசமானோர் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்த எங்கள் ஆட்கள். பாட்டன் கூலியாகப் போன குடும்பம், அப்பா கள்ளத்தோணி, பிள்ளை அகதி. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு இனி "அகதிகள் முகாம்" என்று சொல்ல மாட்டோம், "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்போம் என்று அறிவித்தது. நல்ல காரியம். முகாம் என்ற சொல் மட்டும் கடைசியில் அப்படியே இருக்கிறது. நாற்பது வருடமாக ஒரே இடத்தில் இருந்தால் அதற்கு ஊர் என்று பெயர் வைக்கலாமே?

இலங்கையில் இருந்துவிட்டவர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள், மலையகத் தமிழர். இந்தப் பதிவில் வரும் பெயர்களில் உரியவர்களே வைத்துக்கொண்ட பெயர் இது ஒன்றுதான். 2003-ல் சட்டம் போட்டு மிச்சமிருந்த நாடற்றவர்களுக்கும் அங்கே குடியுரிமை கொடுத்தார்கள். 2023-ல் "மலையகம் 200" என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, அந்தப் பழைய வழியிலேயே மறுபடி நடந்தார்கள்.

இதையெல்லாம் நான் எதற்குத் தேடினேன் என்பதைச் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. போன லீவில் ஊருக்குப் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஒரே இந்திச் சத்தம். எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இப்போது ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள் நிறைய. நம் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள், கொழுந்து பறிக்க ஆள் இல்லை. வீட்டுக்கு வந்து, "எங்க பாத்தாலும் வடக்கனுங்க வரத்துதான் தாத்தா" என்றேன். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது நினைவிருக்கும். அப்போது "வந்தாரை வாழவைக்கும் தமிழகம்" என்று பெருமையாக எல்லோருக்கும் அனுப்பியவன் நான். அதே நான்.

தாத்தா கோபப்படவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். "அங்க யாழ்ப்பாணத்துக்காரங்க எங்கள என்னன்னு கூப்புடுவாங்க தெரியுமா?"

"கள்ளத்தோணி."

"அது சிங்களவன். நம்ம தமிழாளுங்க சொன்னத கேக்குறேன்."

எனக்குத் தெரியவில்லை.

"வடக்கத்தியான்," என்றார். "இந்தியா அவங்களுக்கு வடக்குதானப்பா."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. தேடிப் பார்த்தேன், உண்மைதான். வடக்கத்தியான், தோட்டக்காட்டான் என்ற இரண்டு பெயருமே மலையக மக்களைப் பற்றிய எழுத்துகளில் கிடைக்கின்றன. திசை என்பது எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று ஐந்தாம் வகுப்பிலேயே படித்தோம். எனக்குத்தான் அதை ஆட்களுக்குப் பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை தாத்தாவோடு டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் ஜார்க்கண்ட் பையன் ஒருவன், இருபது வயது இருக்கும், தோட்டத்துக்குப் போகிற சாக்குப்பையோடு உட்கார்ந்திருந்தான். தாத்தா அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு இந்தி தெரியாது. அவனுக்குத் தமிழ் கொஞ்சம்தான். தாத்தா பழைய பழக்கத்தில் கேட்டார், "பேர் எம்புட்டு விழுது? முழுப் பேரா, அரைப் பேரா?"

பையனுக்குப் "பேர்" மட்டும் புரிந்தது போல. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தன் முழுப் பெயர், அப்பா பெயர், ஊர், ஜில்லா என்று ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் சொன்னான். தாத்தா குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டார்.